இரண்டாம் தரம் கேட்டவர்

தம்பி, இந்தத் தாளை நீ பிரிக்கும்போது வண்டி குளுவாங்கைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்ததற்குக் காரணம், பசி வருமுன் நீ அதை எடுக்க மாட்டாய் என்பதுதான். குளுவாங் ஸ்டேஷனை நீ சும்மா பார்த்துக்கொண்டு போயிருப்பாய். நான் சொல்லப் போவது தெரிந்தபின் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். அந்தப் பாரத்தை உன் முதல் நாளிலேயே உன் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது புது வேலையைப் பற்றிச் சொன்னாய். வடக்கே அந்தப் பெரிய பட்டறையில் பயணிகள் வண்டி இழுக்கும் டீசல் எஞ்சின்கள் வரிசையாக நிற்கும் என்றும், ஒரு ஷிப்ட் முழுக்க உன் பொறுப்பு என்றும் சொன்னாய். சார்ஜ்மேன் என்ற சொல்லை நீ சொன்ன விதத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "எஞ்சின் ரூமுக்குள்ள ஆள் இருந்தா சிவப்புத் தகடு தொங்கும்மா. தகடு இல்லன்னா ஆள் இல்ல. பட்டனை அமுக்க வேண்டியதுதான். பழைய ஆளுங்கதான் இன்னும் 'ஆள் இருக்கா, ஆள் இருக்கா'ன்னு மீன்காரன் மாதிரி கத்திக்கிட்டுத் திரியறாங்க. எங்களுக்கு ஒரே சிரிப்பு லா." நான் ரசம் எடுத்துவர அடுப்படிக்குப் போனேன். திரும்பி வர நேரமானதை நீ கவனிக்கவில்லை. அந்த 'ஆள் இருக்கா'வைக் கேட்டதும், தம்பி, ரசச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ அடிக்கடி ஒன்று கேட்பாய். "பாட்டி ஏம்மா நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க?" என்பாய். யோங் பெங் எஸ்டேட்டிலிருந்து தெப்ராவில் இருக்கும் நம் வீட்டுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. உனக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு கிழவி குடையைப் பிடித்துக்கொண்டு நம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாளே, நினைவிருக்கிறதா? வேப்பிலைக் கொத்தும் ஒரு தூக்குப் பால் கஞ்சியும் கொடுத்துவிட்டு, உன் அப்பா வீட்டுக்குள்ளிருந்து "உள்ள வாங்க அத்தை" என்றதும் திரும்பிப் போனாள். அவள்தான் என் அம்மா. ஏன் உள்ளே வரவில்லை என்பதற்கு, "அவங்களுக்கு வேலை இருக்கும்" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது அவளும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. சொல்லிவிடலாம்.

ஜப்பான்காரர்கள் காலத்தில் நாங்கள் குளுவாங்கில் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். அப்போது டீசல் ஏது? எல்லாம் நீராவி. நிலக்கரி கிடைக்காமல் ரப்பர் கட்டையைப் போட்டு எரித்தார்கள். மசகு எண்ணெய் கப்பலில் வருவது நின்றுபோனதால் சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் செம்பனை எண்ணெயை ஊற்றினார்கள். அதனால் ஓடி வந்து நிற்கும் எஞ்சின் பலகாரக் கடை மாதிரி மணக்கும். அரைவயிற்றோடு வேலை செய்கிறவர்களுக்கு அதைவிடக் கொடுமை வேண்டுமா? வீராசாமி என்று எஞ்சின் துடைக்கிற ஆள் ஒருவர் இருந்தார். "சின்னதா ஒரு உளுந்து வடை மட்டும் உள்ள இருந்தா, இந்த எஞ்சினைக் கட்டிக்கிட்டே படுத்துருவேன்" என்பார். அப்பா அவரைத் திட்டுவார். திட்டும்போது அப்பாவும் எச்சில் விழுங்குவார்.

நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எந்தத் தாள் கிடைத்தாலும், பழைய எண்ணெய் டின்னில் ஒட்டியிருக்கும் தாளாக இருந்தாலும், முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். எங்கள் தமிழ்ப் பள்ளியை மூடி, பிறகு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கத் திறந்தார்கள். மற்றப் பிள்ளைகள் பாட்டைப் பாடிவிட்டு ஓடிவிடுவார்கள். நான் மட்டும் எழுத்தையும் இலக்கணத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். யாருடைய மொழி, யார் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் எனக்கு யோசனை போகவில்லை. புதிதாக ஒன்றைப் படிக்கக் கிடைத்தது, அது போதுமாக இருந்தது. மத்தியானம் அப்பாவுக்குக் கேரியரில் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோவது என் வேலை. ஷெட்டில் புதிதாக ஏதாவது ஜப்பானிய எழுத்து ஒட்டியிருந்தால் அதை வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். "வாத்தியாரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் சட்டை போடுங்கப்பா" என்பார் வீராசாமி. அங்கே யாரிடமும் சட்டையே கிடையாது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நீ சிரித்தாயே, அதுதான். தண்டவாளத்துக்கு நடுவே ஆள் இறங்கி வேலை செய்ய ஆழமான குழி உண்டு. எஞ்சின் அதன்மேல் நிற்கும். எஞ்சினை அசைப்பதற்கு முன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஆள் இருக்கா?" என்று கேட்பார். கீழே ஆள் இருந்தால் அந்த ஆளேதான் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். "இல்லை" என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. பக்கத்தில் நிற்பவன் சொன்னால் அது செல்லாது. கீழே இல்லாதவன் எப்படி "இல்லை" என்று சொல்வான்? பதில் வராவிட்டால் டிரைவர் இன்னொரு தரம் கேட்டு, அதற்கும் வராவிட்டால்தான் எடுக்க வேண்டும். முன்பு வெள்ளைக்காரன் எழுதி வைத்த எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. இங்கிலீஷ் எழுத்து கண்ணில் படக்கூடாது என்று அவற்றின்மேல் தார் பூசிவிட்டார்கள். அதனால் அந்தக் குரல் மட்டும்தான் மிச்சம்.

ஷெட்டுக்கு அதிகாரியாக ஒரு ஜப்பானிய சார்ஜென்ட் இருந்தார். குட்டையான ஆள். கோபம் வந்தால் கன்னத்தில் அறைவார், சந்தோஷம் வந்தாலும் அறைவார். அவருக்கு இந்தக் குரல்மேல் ஒரே வியப்பு. ஏன் தெரியுமா? ஜப்பானிய மொழியிலும் ஒரு ஆள் இருப்பதற்கு "இரு" என்றுதான் சொல்வார்கள். கேள்வியாக்க வேண்டுமானால் கடைசியில் ஒரு "கா" சேர்த்துக்கொள்வார்கள். "இரு கா?" என்றால் இருக்கிறாரா என்று பொருள். நம்முடைய "இருக்கா"வைத் தாமே கண்டுபிடித்ததுபோல் அவர் ஷெட்டுக்குள் வரும்போதெல்லாம், "வீராசாமி, இரு கா?" என்று கத்துவார். "இருக்கேன் மாஸ்டர்! சோறுதான் இல்ல!" என்பார் வீராசாமி. சார்ஜென்ட் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டி, "ஒனாஜி, ஒனாஜி" என்று சிரிப்பார். ஒன்றுதான், இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கு அர்த்தம். அந்தக் காலத்தில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் எஸ்டேட்டுகளிலிருந்துதான் வந்தது. யோங் பெங் பக்கம் லாரி வந்தது, கெலாங் பாத்தா பக்கம் படம் காட்டுவதாகக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போனார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். ரயில்வே ஆட்களைத் தொடமாட்டார்கள், வண்டி ஓட வேண்டுமே என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் கேரியரோடு ஷெட்டுக்குள் நுழைந்து, அப்பா வேலை செய்துகொண்டிருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜோகூர் பாருவுக்குப் போகும் பயணிகள் வண்டிக்கான எஞ்சின் அது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா குழிக்குள் நின்று ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே லாரி வந்து நின்றது. சிப்பாய்கள் குதித்தார்கள். "மாமு, ஃபிட்டர் வேணுமாம், சயாமுக்கு!" என்று வாசலில் நின்ற யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். குழிக்குள் இருந்தால் எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். அப்பா என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சக்கரங்களுக்கு நடுவே அச்சின்மேல் தொற்றி ஏறி, தண்டுகளுக்கு இடையில் உடம்பைச் செருகிக்கொண்டார். எஞ்சின் ஒரு சாண் நகர்ந்தாலும் எலும்பு மிஞ்சாத இடம் அது. எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

சிப்பாய்கள் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. ஃபிட்டர் எங்கே என்று சார்ஜென்ட் கேட்டார். வீட்டுக்குச் சாப்பிடப் போனார் என்றார்கள். சார்ஜென்ட் எரிச்சலோடு கையை ஆட்டி, வண்டிக்கு நேரமாகிறது, எஞ்சினை வெளியே எடு என்று கத்தினார். அந்த நேரத்தில்தான் டிரைவர் வெளியிலிருந்து வந்து எஞ்சினில் ஏறினார். டிரைவர்கள் போதாமல், ஃபயர்மேனாக இருந்தவரை டிரைவராக்கியிருந்தார்கள். ஒல்லியான இளைஞர், அதிகம் பேசமாட்டார். அவர்தான் உன் அப்பா.

அவர் தலையை நீட்டிக் கேட்டார். "ஆள் இருக்கா?"

வீராசாமி முதலில் சொன்னார். "இல்ல, எடு." உடனே இரண்டு மூன்று பேர் சேர்ந்து, "ஆள் இல்ல, ஆள் இல்ல" என்றார்கள். அத்தனை வருஷமாக அந்த ஷெட்டில் யாரும் சொல்லாத சொல். என் அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள், தம்பி. சார்ஜென்டின் காதை நினைத்துச் சொன்னார்கள், டிரைவரின் கையை மறந்துவிட்டார்கள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதைச் சொன்னாலும் அப்பா போய்விடுவார் என்பது மட்டும் தெரிகிறது. "எடு! எடு!" என்று சார்ஜென்ட் கத்துகிறார். உன் அப்பா எடுக்கவில்லை. எஞ்சினிலிருந்து பாதி இறங்கி, சக்கரத்துப் பக்கமாகக் குனிந்து, முன்னைவிடச் சத்தமாகக் கேட்டார். "கீழ ஆள் இருக்கா?"

பிறகு கீழேயிருந்து, மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தவர் விட்ட குரலில், "இருக்கு" என்று வந்தது.

சார்ஜென்டின் தலை திரும்பியது. வீராசாமி பாய்ந்து முன்னால் வந்து, தமிழும் மலாயும் கலந்து உளறினார். "தண்ணி மாஸ்டர், ஆயேர்! பாய்லர்ல தண்ணி இருக்குன்னு சொல்றாங்க!" நல்ல பொய்தான். வேறு யாரிடமாவது எடுபட்டிருக்கும். ஆனால் ஜப்பானிய மொழியில் உயிருள்ளவைக்குத்தான் "இரு". தண்ணீருக்கு "அரு" என்று வரும். அந்த ஷெட்டில் அது சார்ஜென்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் வீராசாமியை அறையவில்லை. பிள்ளைக்குத் திருத்திச் சொல்லும் வாத்தியார் மாதிரி நிதானமாக, "தண்ணீர் அரு. மனிதன் இரு" என்று அவர் மொழியில் சொன்னார். பிறகு இரண்டு விரல்களையும் சேர்த்துக் காட்டினார். "ஒனாஜி." இலக்கணம் என்றால் அவ்வளவு ஆசையாக இருந்தவள் நான். அன்றைக்குப் பிறகு எந்த மொழியின் இலக்கணத்தையும் என்னால் சந்தோஷமாகப் படிக்க முடிந்ததில்லை.

அப்பா இறங்கி வந்தார். உடம்பெல்லாம் செம்பனை எண்ணெய். என்னைப் பார்த்து, "கேரியரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. கெழங்கை அம்மாவைச் சாப்பிடச் சொல்லு" என்றார். சிப்பாய்கள் அவரையும், பொய் சொன்னதற்காக வீராசாமியையும் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் அப்பா ஒரு நொடி நின்றார். எஞ்சினில் ஒரு கையும் காற்றில் ஒரு கையுமாக உறைந்து நின்ற உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "எடு தம்பி. இப்ப ஆள் இல்ல" என்றார்.

சயாம் காட்டிலிருந்து அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கதையை நீயும் பலர் வாயிலாகக் கேட்டிருப்பாய். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார்.

லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஷெட்டே சேர்ந்து ஆள் இல்லை என்று சொன்னபோது, ஒருவன் மட்டும் மறுபடி கேட்டுக் காட்டிக்கொடுத்தான் என்றார்கள். குழாயடியில் உன் அப்பா வந்தால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். "இருக்கா, இருக்கான்னு கேட்டே ஆளைத் தின்னவன்" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவரோ மாதம் ஒருமுறை கிடைத்த அரிசியில் ஒரு பங்கை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அதைக் கோழிக்குக் கொட்டுவாள். நாங்கள் கிழங்கைத் தின்போம், கோழி அரிசியைத் தின்னும். அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் நான் யோசித்தேன். அவர் கேட்காமல் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கே ஒருவரும் சொல்லிப் பார்க்கவில்லை. எனக்கு அது பள்ளிக்கூடத்துக் கணக்குப் போலத் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

சண்டை முடிந்தபின் வீராசாமி திரும்பி வந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே புண்ணில் போய்விட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "அக்கா, கூட்ஸ் வண்டில போறப்ப அண்ணன் சொன்னாரு. 'அவன் ரெண்டாந்தரம் கேட்டான்டா. கேக்கலன்னா என்னை நீங்கதான்டா கொன்னுருப்பீங்க'ன்னாரு. என் வாய்தான் தப்பு. அந்தப் பையன் மேல தப்பில்ல" என்று அழுதார். அம்மா அழவில்லை. "நீ பொய் சொன்ன. என் புருசன் இருந்தாரு. அவன் நெசத்தைக் கேட்டான். அவரு போயிட்டாரு. எனக்கு இவ்வளவுதான் தெரியும்" என்றாள். அதற்குமேல் அவளிடம் யாரும் பேச முடியவில்லை. இப்போது யோசித்தால், அவளுக்கு யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. சார்ஜென்ட் ஊரைவிட்டுப் போயாகிவிட்டது. உன் அப்பாதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

நான் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது அம்மா என்னை அடித்துக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு யோங் பெங்கில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரியா என்று சந்தேகம் வந்து, கல்யாணமான புதிதில் உன் அப்பாவிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "எங்கப்பா கீழ இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" அவர், "தெரிஞ்சாலும் கேக்கணும், தெரியலன்னாலும் கேக்கணும். அதுதான் வேலை" என்றார். "அப்ப ஏன் ரெண்டாந்தரம் எறங்கி வந்து கேட்டீங்க?" என்றேன். "எல்லாரும் ஒரே நேரத்துல 'இல்ல'ன்னாங்க. ஷெட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல ஒண்ணைச் சொன்னா, அது நெசமா இருக்காது." இதைத் தவிர அவர் அந்த நாளைப் பற்றி வேறெதுவும் பேசியதில்லை. உன் அப்பா பேசாத மனிதர் என்று நீ குறைப்பட்டிருக்கிறாய். பேசினது போதும் என்று அவருக்கு அந்த வயதிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

சரியானதைச் செய்தால் நாலு பேர் மெச்சுவார்கள் என்று நான் உனக்கு வளரும்போது சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன், என் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. உன் அப்பா சரியாகச் செய்தார். அதற்குக் கிடைத்தது ஆயுள் முழுக்கக் கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு மாமியார். அதை அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உனக்கும் அப்படி ஏதாவது வரலாம். டீசல் எஞ்சினுக்குள் ஆள் நின்றால் வெளியே தெரியாது என்று நீயே சொன்னாய். தகடு நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அதை மாட்ட மறப்பவன் உண்டு, அவசரத்தில் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போகிறவன் உண்டு. தகட்டுக்கு வாய் கிடையாது. வண்டி தாமதமாகிறது என்று மேலே இருப்பவர்கள் உன்னிடம் கத்துவார்கள், பக்கத்தில் நிற்கிறவர்கள் "ஆள் இல்ல, எடுங்க" என்பார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்லை வாங்கிக்கொள்ளாதே. இறங்கிப் போ. குனிந்து கேள். பையன்கள் மீன்காரன் என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அப்பா வேலையிலிருந்து வந்து கேட்டருகில் நின்று, "ஆள் இருக்கா?" என்று கேட்பார், ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டு என்று நினைத்து நீ கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாய். நான் அடுப்படியிலிருந்து "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றுவார். கடைசி வருஷங்களில் எஞ்சின் சத்தத்தில் காது போய்விட்டதால் என் பதில் அவருக்குக் கேட்காது. நான் வாசலுக்கு வந்து நின்று சொல்லும்வரை வெளியிலேயே நிற்பார், மழையானாலும்.

நீ லீவில் வரும்போது, சாவி இருக்கிறது என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வராதே, தம்பி. கேட்டருகில் நின்று கேள். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, காதும் மந்தமாகி வருகிறது. பதில் வராவிட்டால், யாரும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னாலும், இன்னொரு தரம் கேள்.